பதில் மரியாதை

உங்கள் பையைத் தரையில் வைக்க வேண்டாம். நாற்காலிக்குப் பக்கத்தில் ஒரு பிரம்புக் கூடை இருக்கிறது பாருங்கள், அதில் வையுங்கள். ஆண்களுக்கு இது வேடிக்கையாகத்தான் இருக்கும். இந்தக் குடியிருப்பில் எந்த வீட்டுக்குப் போனாலும் விருந்தாளி உட்காரும் இடத்தருகே இப்படி ஒரு கூடை இருக்கும். விருந்தாளி தரையில் உட்காரலாம், அவள் பை உட்காரக் கூடாது.

நாஹோவின் சாவைப் பற்றியும், குடியிருப்புச் சங்கப் பணத்தைப் பற்றியும் வீடு வீடாக விசாரிக்கச் சொல்லிக் கம்பெனியின் நலப் பிரிவு உங்களை அனுப்பியிருக்கிறது. மற்ற வீடுகளில் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். நல்ல பெண், வாய் பேசாத பெண், இப்படிச் செய்வாள் என்று நினைக்கவே இல்லை. அவர்கள் பொய் சொல்லவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். நான் பக்கத்து வீடு, எங்களுக்கு நடுவில் இருந்தது ஒற்றைச் சுவர். எனக்கு அதற்கு மேல் தெரியும், எதையும் மறைக்கவும் போவதில்லை. ஆனால் வரிசையாகச் சொல்ல விடுங்கள். நடுவில் தொடங்கினால் நான் ஏதோ பொல்லாதவள் போலத் தெரியும்.

உங்களுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. சட்டைப் பட்டன் தைத்திருக்கும் லட்சணத்தைப் பார்த்தாலே தெரிகிறது. அதனால் சிலவற்றை உடைத்துச் சொல்கிறேன். டோக்கியோக்காரர்கள் நம் நகோயாப் பெண்களைக் கேலி செய்வார்கள், வெளிநாட்டுப் பை இல்லாமல் இவர்கள் குப்பை கொட்டக்கூட வாசலைத் தாண்ட மாட்டார்கள் என்று. இந்தக் குடியிருப்பைப் பொறுத்தவரை அது கேலியே இல்லை, நிஜம். பழுப்பு நிறத்தில் எழுத்துகள் பின்னிய அந்தப் பாரிஸ் பை இங்கே எல்லோர் கையிலும் இருக்கும். அதை ஆசை என்று நினைப்பீர்கள். ஆசை இல்லை, நிம்மதி. அதன் விலை எல்லோருக்கும் தெரியும். அது அழகா இல்லையா என்று யாரும் யோசிக்க வேண்டாம், பாரிஸில் யாரோ எப்போதோ யோசித்து முடித்துவிட்டார்கள். நீங்களாகப் பார்த்து வாங்கிய ஒரு பையை மாட்டிக்கொண்டு பாலர் பள்ளி வாசலில் போய் நின்றால், பார்க்கிறவர்கள் அதைப் பற்றி ஏதாவது சொல்லியாக வேண்டும். அடுத்தவரை அப்படிச் சங்கடப்படுத்துவது இங்கே மரியாதை இல்லை.

அதிலும் ஒரு வரிசை உண்டு. இலாகாத் தலைவரின் மனைவி குரெபயாஷி-சான் வைத்திருக்கும் அளவைவிடப் பெரிய பையை நாங்கள் யாரும் வைத்துக்கொள்ள மாட்டோம். ஒரு வருஷம் அவருக்குத் தோள்வலி வந்து சின்னப் பைக்கு மாறினார். மறுநாளே எங்கள் பெரிய பைகளெல்லாம் அலமாரிக்குள் போய்விட்டன. மடக்குக் குடை வைக்கக்கூட இடமில்லாமல் அந்த மழைக்காலம் முழுக்க நனைந்துகொண்டு திரிந்தோம். ஒருத்தியும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

நமக்கென்று பெயரும் இங்கே கிடையாது. நான் தொகிதாவின் மனைவி, அதனால் மரியாதையாகத் தொகிதா-சான். அவர் ஹிரோஷிமா கிளைக்குத் தனியாக மாற்றலாகிப் போய் வெகுகாலம் ஆகிறது. எங்களுக்குக் குழந்தை இல்லை. பேச ஆளில்லாமல் வாரக்கணக்கில் இருந்துவிட்டு மீன்கடையில் வாயைத் திறந்தால் குரலே கம்மிப்போய் வரும். இதைப் புகாராகச் சொல்லவில்லை. எத்தனையோ பெண்கள் இப்படித்தான் இருக்கிறார்கள், யாரும் செத்துப்போய்விடவில்லை.

நாஹோ நோட்டோ கடற்கரைப் பக்கத்துப் பெண். கணவன் முரோசே, புதிதாக மாற்றலாகி வந்த இளைஞன், ஒழுங்கான பையன். ஒரே பெண் குழந்தை, கொஹாரு. வந்த முதல் வாரத்திலேயே நாஹோ ஒரு துணிப்பையை மாட்டிக்கொண்டு பாலர் பள்ளிப் பேருந்துக்காக எங்களோடு வந்து நின்றாள். குழந்தை இருந்தாலும் இல்லாவிட்டாலும் அந்த நேரத்துக்கு எல்லோரும் வந்து நிற்பது இங்கே வழக்கம், நானும் ஓரமாக நிற்பேன். அவளே தைத்தது. நீலப் பூப்போட்ட பழைய திரைச்சீலைத் துணி. எங்கள் வரிசையில் ஒரு சலசலப்பு ஓடியது. குரெபயாஷி-சான் சிரித்த முகமாகக் கேட்டார்.

"முரோசே-சான், இது எந்த ஊர் பிராண்டுங்க? முன்னாடி ஜன்னல்ல தொங்கிட்டிருந்ததோ?"

"ஆமாங்க, எங்க மாமியார் வீட்டு ஜன்னல். பாதி இன்னும் அங்கதான் தொங்குது. உங்களுக்கு வேணும்னா கேட்டு வாங்கித் தரட்டுமா?"

குத்தலுக்குப் பதில் குத்தல் இல்லை அது. நிஜமாகவே கேட்டாள். இரண்டொருத்தர் சிரிப்பை அடக்க முடியாமல் குனிந்துகொண்டார்கள். குரெபயாஷி-சான் சிரிக்கவில்லை.

அன்று சாயங்காலம் ஊர்க் கருவாட்டோடு என் கதவைத் தட்டினாள். அக்கம்பக்கத்தாருக்குக் கொடுப்பது வழக்கம். வாங்கிக்கொண்டு நன்றி சொல்லிக் கதவைச் சாத்தப் போனேன். அவள் போகாமல் நின்றாள். "உங்க பேர் என்ன? வீட்டுக்காரர் பேர் இல்ல. உங்க பேரு" என்றாள். ஹிசாயே என்றேன். "ஹிசாயே-சான், மீனை ரொம்ப வாட்டிடாதீங்க, கட்டையாயிடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

நான் உள்ளே வந்து தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் அம்மா போன பிறகு அந்தப் பெயரை யாரும் சொல்லவில்லை. உங்களுக்கு இது சின்ன விஷயமாகத் தோன்றலாம். எனக்கு அன்றிலிருந்து அவள் மேல் உயிர்.

அதற்குப் பிறகு வந்த மாதங்களைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, சந்தோஷமாக இருந்தேன், அவ்வளவுதான். மதியம் ஆனால் சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஹிசாயே-சான் என்று கூப்பிடுவாள். போவேன். பெர்சிமன் பழத்தை நறுக்கித் தட்டில் வைப்பாள், தொலைக்காட்சியில் யாரோ யாரையோ விட்டுவிட்டு ஓடுவார்கள், நாங்கள் இரண்டு பேரும் ஓடினவளுக்கே பரிந்து பேசுவோம். கொஹாரு என் மடியில் தலைவைத்துத் தூங்கிவிடுவாள். குழந்தையின் தலை அவ்வளவு சூடாக இருக்கும் என்று எனக்கு அதுவரை தெரியாது.

ஒருநாள் பழத்தைத் தோல் சீவிக்கொண்டே சொன்னாள், இனுயாமா பக்கம் மனை பார்த்திருக்கிறார்களாம். வயிற்றைக் கட்டி வாயைக் கட்டி முன்பணம் சேர்க்கிறார்களாம். கொஹாரு பள்ளிக்கூடம் சேரும் வசந்தத்துக்குள் சொந்த வீட்டுக்குப் போய்விட வேண்டுமாம். தோட்டத்தில் முள்ளங்கி போடப் போகிறாளாம். நல்ல காரியம், சீக்கிரம் நடக்கட்டும் என்று நான் சொன்னேன். மனதாரத்தான் சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அந்த மாதக் கடைசியில் அவளுக்குப் பிறந்த நாள் வந்தது. சகாயே கடைத்தெருவுக்குப் போய்ப் பாரிஸ் பை ஒன்று வாங்கினேன். குரெபயாஷி-சானுடையதைவிட ஓர் அளவு சின்னது, யாரும் குறை சொல்ல முடியாதது. இதை நீங்கள் நம்ப வேண்டும். முதல் பையை வாங்கும்போது என் மனதில் கள்ளம் இல்லை. பேருந்து நிறுத்தத்தில் அவளை யாரும் இளக்காரமாகப் பார்க்கக் கூடாது, அவ்வளவுதான் நினைத்தேன். இரண்டு முறை வேண்டாம் என்றாள், மூன்றாம் முறை வாங்கிக்கொண்டாள். அதுதானே முறை.

அடுத்த வாரம் பதில் மரியாதை வந்தது. உங்கள் வீட்டில் உங்கள் அம்மா இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருப்பார், அதனால் உங்களுக்குத் தெரிந்திருக்காது. ஒருவர் நமக்கு ஒன்று கொடுத்தால் அதில் பாதி பெறுமானத்துக்கு நாம் திருப்பிக் கொடுக்க வேண்டும். முழுசாகக் கொடுத்தால், உன் உறவே வேண்டாம் என்று அர்த்தம். கொடுக்காவிட்டால் மனுஷியே இல்லை. நான் கையால் பின்னிய சால்வை ஒன்றைக் கொடுத்திருந்தால் அதற்கு விலை ஏது, ஒரு கூடை ஆரஞ்சோடு போயிருக்கும். பாரிஸ் பையின் விலை பேருந்து ஓட்டுநருக்குக்கூடத் தெரியும். நாஹோவுக்கு மட்டும்தான் தெரியவில்லை. குரெபயாஷி-சானிடம் போய் யோசனை கேட்டிருக்கிறாள். அவர் விலையைச் சொல்லி, பாதிக்குக் கொஞ்சம் மேலேயே போட்டுச் செய்யுங்கள் என்று புத்தி சொல்லி அனுப்பியிருக்கிறார். அரக்குப் பூசிய சாப்பாட்டு அடுக்கு ஒன்று பட்டுத்துணியில் கட்டி வந்தது.

அதைக் கொண்டுவந்து வைத்தபோது அவள் சாதாரணமாகத்தான் சொன்னாள். "இந்த மாசம் வீட்டுக்குன்னு எதுவும் எடுத்து வைக்க முடியல ஹிசாயே-சான். பரவால்ல, வீடு எங்க ஓடிடப் போவுது, கொஞ்சம் தள்ளிப்போகும், அவ்வளவுதானே."

கொஞ்சம் தள்ளிப்போகும். அந்த வார்த்தையை அவள்தான் எனக்குக் கொடுத்தாள். நான் தேடிப் போகவில்லை.

அதற்குப் பிறகு கொடுத்ததையெல்லாம் தெரிந்தே கொடுத்தேன். கோடைகாலச் சீருக்கு அதே பாரிஸ் கடையின் பணப்பை. அவளுக்குச் சளிக்காய்ச்சல் வந்து தேறியபோது கழுத்துத் துண்டு. கொஹாரு பாலர் பள்ளி நாடகத்தில் முயலாக வந்தாள், அதற்கு ஒன்று. முரோசே அலுவலகத் தேர்வில் தேறினார், அதற்கு இத்தாலியக் கழுத்துப்பட்டி. பேரரசர் நோயில் படுத்து, ஊரே கொண்டாட்டங்களை நிறுத்தி அடங்கிக் கிடந்த அந்த இலையுதிர்காலத்தில்கூட நான் ஒரு காரணம் கண்டுபிடித்தேன். ஒவ்வொன்றுக்கும் பதில் மரியாதை வந்தது. ஒருமுறைகூட அவள் குறைத்துக் கொடுக்கவில்லை. நல்ல வளர்ப்பு. எனக்கு அதில் பெருமையாகக்கூட இருந்தது.

பேருந்து நிறுத்தத்தில் அவளுக்கு இடம் கிடைத்தது. குரெபயாஷி-சான் அவள் கையைப் பிடித்துப் பையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இப்பதான் நம்ம ஆளு மாதிரி இருக்கீங்க" என்றார். நாஹோ குனிந்து வணங்கினாள். துணிப்பையை நான் அப்புறம் பார்க்கவில்லை.

ஒன்று மட்டும் நான் எதிர்பார்க்காதபடி ஆனது. மதிய நேரங்கள் குறைந்தன. சுவருக்கு அந்தப் பக்கம் தையல் இயந்திரம் ஓடத் தொடங்கியது. பொம்மைகளுக்கு உடுப்புத் தைத்துக் கொடுக்கும் வேலை, திருட்டுத்தனமாக எடுத்துச் செய்தாள். இங்கே மனைவிமார்கள் கூலிக்கு வேலை செய்வது புருஷனுக்குத் தலைகுனிவு. நான் போய் நின்றால் ஜன்னல் திரையை இழுத்துவிட்டு, துண்டுத் துணிகளை மெத்தைக்கடியில் தள்ளிவிட்டு, வாங்க வாங்க என்பாள். கண் சிவந்திருக்கும். பேச்சு நடுவில் நின்றுபோகும். என்னோடு உட்காரவே அவளுக்கு நேரமில்லை. நான் என்ன செய்ய முடியும். இன்னும் கொஞ்சம் நல்லதாகப் பார்த்துக் கொடுத்தேன்.

என் கையிருப்பும் கரைந்துகொண்டிருந்தது. ஒரு செக்ஷன் மேனேஜரின் சம்பளம் உங்களுக்குத் தெரியாததல்ல. அம்மாவின் கிமோனோக்களை எடுத்துக்கொண்டு ஓசு கோயிலுக்குப் பின்னால் இருக்கும் அடகுக்கடைக்குப் போனேன். இங்கிருந்து தூரம், அதனால் தெரிந்தவர்கள் கண்ணில் பட மாட்டோம். எல்லோரும் அதே காரணத்துக்காக அங்கேதான் போவார்கள் என்று நினைக்கிறேன். கண்ணாடி அலமாரியில் வெளிநாட்டுப் பைகள் வரிசையாக நின்றன. அவற்றில் ஒன்றின் கைப்பிடியில் குட்டிப் பல் பதிந்த தடம் இருந்தது. கொஹாரு பல் விழும் சமயத்தில் எதையும் கடிப்பாள். அந்தத் தடம் விழுந்த அன்று நானும் பக்கத்தில்தான் இருந்தேன்.

நான் கொடுத்த பையை விற்றுத்தான் அவள் எனக்குப் பதில் மரியாதை செய்திருக்கிறாள். எனக்குக் கோபம் வரவில்லை. கிமோனோவுக்குக் கிடைத்த பணத்தை அங்கேயே கொடுத்து அந்தப் பையை வாங்கினேன்.

கடைக் காகிதங்களையும் ரிப்பன்களையும் நான் எறிவதில்லை, இழுப்பறையில் நீவி வைத்திருப்பேன். இங்கே எல்லோர் வீட்டிலும் அப்படித்தான். பையைத் துடைத்து, புதுசு போலப் பெட்டியில் வைத்து, காகிதம் சுற்றி, வருஷக் கடைசிச் சீராக அவளிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன். கொடுத்தவர் எதிரில் பிரிப்பது நம் வழக்கம் இல்லையே. அவள் நெற்றியில் ஒற்றிக்கொள்ளாத குறையாக வாங்கி உள்ளே வைத்தாள். நான் என் வீட்டுக்கு வந்து சுவரோரம் உட்கார்ந்தேன். ஒட்டுத்தாளைக் கிழியாமல் உரிக்கும் சத்தம் கேட்டது. பெட்டி மூடி திறந்தது. தையல் இயந்திரம் அன்று முழுக்க ஓடவில்லை.

ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்கிறீர்களா. அவள் தொலைத்த பொருளை அவளுக்குத் திருப்பிக் கொடுத்தேன். யாராக இருந்தாலும் அதைத்தானே செய்வார்கள்.

மறுநாள் மாடிப்படியில் எதிர்ப்பட்டாள். கையில் அந்தப் பை. முகத்தில் ஒன்றும் இல்லை. "ரொம்ப அழகான சாமான். ரொம்ப நன்றி, தொகிதா-சான்" என்றாள்.

தொகிதா-சான். வேறு யாரையோ சொல்கிறாள் என்றுகூட நினைத்தேன். அன்றிலிருந்து அவள் வாயில் என் பெயர் வரவே இல்லை. நான் எத்தனையோ விதமாக முயன்று பார்த்தேன். கொஹாருவிடம், ஹிசாயே அத்தை என்று சொல்லு கண்ணு என்று சொல்லிக் கொடுத்தேன். குழந்தை அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தது. வீட்டுக்கு வந்து பாத்திரங்களுக்கு நடுவில் நானே என் பெயரைச் சொல்லிப் பார்த்தேன். சொந்தக் குரலில் கேட்டால் ஒன்றுமே இல்லை அது.

அந்தப் பைக்கும் புது வருஷத்தில் பதில் மரியாதை வந்தது. மட்சுசாக்கா மாட்டிறைச்சி மரப்பெட்டியில், கூடவே ஒரு பட்டுத் துண்டு. பொம்மைச் சட்டை தைத்துச் சம்பாதிக்கிற காசில் வருகிற சாமான் இல்லை அது. அந்த அரையாண்டு குடியிருப்புச் சங்கத்தின் பணப்பெட்டி முரோசே வீட்டில் இருந்தது, முறை வைத்து வருவதுதான். குழந்தைகளுக்கு ஊஞ்சலும் மணல்குழியும் புதுப்பிக்கச் சேர்த்த பணம். பெட்டி அவள் வீட்டில், இறைச்சி என் வீட்டில். எனக்குப் புரிந்துவிட்டது. இறைச்சியை வீணாக்க மனமில்லை, சமைத்துச் சாப்பிட்டேன். நல்ல இறைச்சி.

மார்ச் மாதக் கூட்டத்தில் கணக்கு வாசிக்க வேண்டும். குரெபயாஷி-சான் மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படிப்பார். கூட்டத்துக்கு முந்தின நாள் மதியம் நான் நாஹோ வீட்டுக்குப் போனேன். குழந்தை பள்ளியிலிருந்து வர நேரமிருந்தது. பெட்டியில் குறைகிற பணத்தை நான் போட்டுவிடுகிறேன் என்று மெதுவாகச் சொன்னேன். அவள் முதலில் எதைப் பற்றிச் சொல்கிறேன் என்றே தெரியாதவள் போல நின்றாள். பிறகு, செருப்பு கழற்றும் இடத்தில் நான் நிற்க, ஒரு படி உயர்ந்த உள்தரையில் முழங்காலிட்டு நெற்றியைப் பலகையில் வைத்தாள்.

"எனக்கு எதுவும் குடுக்காதீங்க தொகிதா-சான். உங்களக் கெஞ்சிக் கேக்குறேன். ஒரே ஒரு தடவை, எதுவுமே குடுக்காம இருங்க."

"பக்கத்து வீட்டுக்காரங்களுக்குள்ள என்ன இருக்கு. இதத் திருப்பித் தரவே வேண்டாம்" என்றேன்.

"அதுதான் முடியாதே" என்றாள் தலையைத் தூக்காமல். "திருப்பித் தராம எப்படி உங்க முகத்துல முழிக்கிறது. எப்படிக் கொஹாருவக் கூட்டிக்கிட்டு அந்தப் பஸ்ஸுக்கு முன்னாடி நிக்கிறது. சொல்லிக் குடுத்தவங்களே நீங்கள்லாம்தான."

எனக்குப் பாவமாக இருந்தது. அவள் தோளைத் தொட்டேன், எலும்பாக இருந்தது. மனதில் இருந்ததை அப்போதுதான் சொன்னேன். திருப்பித் தரணும்னு தோணுச்சுன்னா, இனுயாமாவுக்குப் போகாம இங்கயே இருந்துடு, அது போதும் என்றேன். உன் வீட்டுக்காரரிடம் வேண்டுமானால் நான் பேசுகிறேன் என்றும் சொன்னேன்.

அவள் மெல்ல நிமிர்ந்து என்னைப் பார்த்தாள்.

"அதுக்காகவா?" என்றாள்.

"எதுக்காக?" என்று நான் கேட்டேன்.

உட்கார்ந்த இடத்திலிருந்தே மறுபடி குனிந்து வணங்கினாள், வாசலுக்கு வந்தவரை வழியனுப்புகிற வணக்கம். நான் வந்துவிட்டேன். சாயங்காலம் இறைச்சிக்கும் பட்டுத் துண்டுக்கும் கடை விலையைக் கூட்டி, அந்தப் பணத்தை ஓர் உறையில் போட்டு அவள் தபால் பெட்டியில் வைத்தேன். நீங்கள் தேடுகிற சங்கப் பணம் குறையவில்லை, பணப்பெட்டியோடு அந்த உறையையும் சேர்த்து எண்ணியிருப்பீர்கள், ஒரு யென் குறைவில்லாமல் இருந்திருக்கும். அவள் திருடி என்ற பெயரோடு போகவில்லை. அதற்காவது யாராவது எனக்கு ஒரு வார்த்தை சொல்லலாம்.

மறுநாள் காலையைப் பற்றிப் போலீஸ்காரர் கேட்டார். அவளை நான் பார்க்கவில்லை என்று சொன்னேன். உங்களிடம் சொல்கிறேன், பார்த்தேன். கொஹாருவைப் பேருந்தில் ஏற்றிவிட்டு வீட்டுக்கு வந்தாள். கொஞ்ச நேரத்தில் மறுபடி கதவு சாத்தும் சத்தம் கேட்டது. நான் சமையலறை ஜன்னலில் நின்றிருந்தேன், கீழே சரிவுப் பாதை முழுக்கத் தெரியும். நாஹோ இறங்கிப் போனாள். நல்ல சாம்பல் நிறக் கோட்டு, சீவி முடித்த தலை. கையில் ஒன்றும் இல்லை. பை இல்லை, பணப்பை இல்லை, ஒரு குடைகூட இல்லை. இரண்டு கையும் பக்கவாட்டில் வெறுமனே தொங்கின. அப்படி ஒரு பெண் இந்த வாசலைத் தாண்டிப் போய் நான் பார்த்ததே இல்லை. கடைக்குப் போகிறவள் பை எடுப்பாள், தாய் வீட்டுக்குப் போகிறவள் பை எடுப்பாள். வெறும் கையோடு எங்கே போகிறாள் என்று எனக்கு ஒரு நொடிகூடச் சந்தேகம் வரவில்லை. சரிவு முடிகிற இடத்தில் ரயில் பாதை. மேலே சொல்ல வேண்டியதில்லை.

ஜன்னலைத் திறந்து நாஹோ என்று ஒரு குரல் கொடுத்திருக்கலாம். நின்றிருப்பாள். மரியாதை தெரிந்தவள், பெரியவர்கள் கூப்பிட்டால் நிற்காமல் போக மாட்டாள். திரும்பி வந்திருப்பாள், அழுதிருப்பாள், முரோசேக்கு எல்லாம் தெரிந்திருக்கும், அந்த வாரமே மூட்டை கட்டிக்கொண்டு மூன்று பேரும் போயிருப்பார்கள். இனுயாமாவிலோ நோட்டோவிலோ முள்ளங்கி போட்டுக்கொண்டு, என்னை நினைத்தால் உடம்பு நடுங்கிக்கொண்டு, நன்றாக இருந்திருப்பாள். அவ்வளவையும் நான் அந்த ஜன்னலில் நின்றே யோசித்துவிட்டேன். தாழ்ப்பாளில் கை வைத்தேன். பிறகு எடுத்துவிட்டேன். எப்படிப் போனாலும் அவள் போகத்தான் போகிறாள். என்னை விட்டுவிட்டு வேறெங்கோ போய் வாழ்வதைவிட, நான் பார்த்துக்கொண்டிருக்கும்போது போகட்டும் என்று தோன்றியது. கொலை என்று இதற்குப் பெயர் வைத்தால் வைத்துக்கொள்ளுங்கள். நான் மறுக்கப் போவதில்லை. ஆனால் என் கையால் அவளிடமிருந்து ஒரு துரும்பைக்கூட எடுத்ததில்லை, கொடுத்திருக்கிறேன், அதையும் சேர்த்து எழுதிக்கொள்ளுங்கள்.

தேநீர் ஆறிவிட்டது, வேறு போடட்டுமா. வேண்டாமா, சரி.

என்ன அது, உங்கள் கோட்டுக்குள்ளிருந்து எடுக்கிறீர்களே. நான் துக்கத்துக்குப் பணம் வைத்துக் கொடுத்த உறை அல்லவா. கறுப்புவெள்ளை நாடாகூட அவிழ்க்கப்படவில்லை. முரோசே கொடுத்தனுப்பினாரா. வேலையை விட்டுவிட்டுக் குழந்தையோடு ஊருக்குப் போகிறார், இதை என்னிடம் சேர்த்துவிடச் சொன்னார், அப்படித்தானே. வேறு எதுவும் சொல்லவில்லையா. சரி, சரி. அவரைக் குறை சொல்ல மாட்டேன். சின்ன வயசு, துக்கத்தில் இருக்கிறார், முழுசாகத் திருப்பினால் என்ன அர்த்தம் என்று அவருக்குத் தெரிந்திருக்க நியாயமில்லை. சொல்லிக்கொடுக்க வீட்டில் பெண் துணை இல்லை. பாதியைத்தான் திருப்புவார்கள், அதுவும் நாற்பத்தொன்பதாம் நாள் கழிந்த பிறகு, தேயிலையாகவோ துண்டாகவோ. போகப் போகக் கற்றுக்கொள்வார்.

அவருடைய ஊர் விலாசம் உங்கள் அலுவலகத்தில் இருக்கும். இதோ இந்தத் தாளில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போங்கள். ஏப்ரலில் கொஹாருவுக்குப் பள்ளிக்கூடம் தொடங்குகிறது. தோலில் செய்த சிவப்பு முதுகுப்பை ஒன்று போன வருஷமே சொல்லி வைத்துவிட்டேன், டோக்கியோவில் பேர்போன பட்டறை, ஆளைப் பிடித்தால்தான் கிடைக்கும். அதை அனுப்ப வேண்டும். அதன் விலை அவருக்குத் தெரியாவிட்டாலும் பாதகமில்லை, பள்ளிக்கூட வாசலில் யாராவது ஒரு தாய் சொல்லிவிடுவாள்.